அமெரிக்க அரசை ஆட்டுவிப்பது யார்?

1990 அக்டோபர் 10. வாஷிங்டனில் அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் சிலர் கூடியிருந்த ஓர் அவையில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி கண்ணீரோடு பேசினாள். தன் பெயர் நயீரா என்றாள். குவைத்தில் ஒரு மருத்துவமனையில் தொண்டு செய்துகொண்டிருந்தபோது ஈராக் படையினர் உள்ளே புகுந்ததாகவும், இன்குபேட்டரில் இருந்த பச்சிளங்குழந்தைகளை வெளியே எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகும்படி போட்டுவிட்டுப் போனதாகவும், அதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் சொன்னாள். அந்தக் காட்சியை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அந்த நாட்களை நம் குடும்பங்கள் பல இன்னும் மறக்கவில்லை. ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்த பிறகு, அங்கே பிழைப்புக்காகப் போயிருந்த இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜோர்தானின் அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் ஊர் திரும்பினார்கள். குவைத் பட்ட துன்பம் உண்மை. ஆக்கிரமிப்பும் கொலைகளும் நடந்தன. ஆனால் அந்தச் சிறுமி சொன்ன இன்குபேட்டர் கதைக்குப் போருக்குப் பின் தேடிப் பார்த்தவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

1992 ஜனவரியில் ஜான் மெக்கார்தர் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில் உண்மை வெளிவந்தது. நயீரா, அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். அவளுடைய சாட்சியத்துக்கு ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். அந்த நிறுவனத்தை அமர்த்தியது குவைத் விடுதலைக்கான குடிமக்கள் அமைப்பு என்ற பெயரில் இயங்கிய ஒரு குழு. அந்தக் குழுவுக்கு வந்த பணம் ஏறக்குறைய முழுவதும் குவைத் அரசின் பணம். ஒரு கோடி டாலருக்கும் மேல். அவள் பேசிய அவையும் நாடாளுமன்றக் குழு போலத் தோற்றமளித்ததே தவிர, உறுப்பினர்கள் தாமாகச் சேர்ந்து நடத்திய மனித உரிமை மன்றம்தான். சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டியதில்லை. எனவே பொய் சொன்னாலும் சட்டப்படி குற்றமில்லை.

இதற்கிடையில் அதிபர் ஜார்ஜ் புஷ் அந்தக் கதையைப் பல மேடைகளில் சொல்லிவிட்டார். செனட்டர்கள் பலர் விவாதத்தில் எடுத்துக்காட்டிவிட்டார்கள். 1991 ஜனவரி 12 அன்று போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட் சபையில் 52-க்கு 47 என்ற கணக்கில் நிறைவேறியது. ஐந்தே வாக்கு வித்தியாசம். அந்தக் கதை இல்லாமலிருந்தால் போர் நடந்திருக்காது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் ஓர் அரசின் முடிவைச் சுற்றி யார் யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டிவிடுகிறது.

நம்மிடையே இதற்கு ஓர் ஆயத்தப் பதில் உலவுகிறது. "அமெரிக்காவைப் பின்னாலிருந்து ஒரு கூட்டம் ஆட்டிவைக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பதில் சுலபமானது, ஆனால் தவறானது. அமெரிக்காவில் நடப்பவற்றில் பெரும்பகுதி பகிரங்கமாகவே நடக்கிறது. பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுத்து, கணக்கு எழுதி, சட்டம் அனுமதித்த வழியிலேயே நடக்கிறது. ஊடகம், கட்சி, அழுத்தக் குழு ஆகிய மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்பதை நிதானமாகப் பார்த்தால் அது விளங்கும்.

கதவுகள் பல உள்ள வீடு

1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தில் கட்சி என்ற சொல்லே கிடையாது. முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1796-இல் விடைபெறும்போது கட்சி மனப்பான்மை நாட்டைப் பிளக்கும் என்று எச்சரித்தார். சாசனத்தை உருவாக்கியவர்களில் முதன்மையான ஜேம்ஸ் மாடிசனின் கணிப்பு வேறு மாதிரி இருந்தது. மனிதர்கள் தங்கள் நலனுக்காக அணி சேர்வதைத் தடுக்க வேண்டுமென்றால் சுதந்திரத்தையே பறிக்க வேண்டியிருக்கும். அதைவிட, அணிகள் பலவாக இருந்து ஒன்றையொன்று மட்டுப்படுத்தட்டும் என்பது அவர் வாதம்.

அதற்கேற்ப அதிகாரத்தைப் பல துண்டுகளாக்கி வைத்தார்கள். அங்கே நாடாளுமன்றத்துக்குப் பெயர் காங்கிரஸ். அதில் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 100 பேர் கொண்ட செனட் என இரண்டு அவைகள். இரண்டிலும் நிறைவேறி, அதிபர் கையெழுத்திட்டால் மசோதா சட்டமாகும். அதன் பிறகும் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லலாம். இது போதாதென்று 50 மாநிலங்களுக்கும் தனி அதிகாரங்கள் உண்டு.

இந்தியாவில் பழகிய நமக்கு இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். நம் நாட்டில் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் எம்.பி. பதவி பறிபோகும், 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படிச் செய்கிறது. அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு உறுப்பினரும் தன் விருப்பப்படி வாக்களிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதன் மறுபக்கம், ஒவ்வொருவரையும் தனித்தனியாக அணுகலாம், தனித்தனியாக மிரட்டவும் செய்யலாம் என்பது. கட்சித் தலைமையை மட்டும் பிடித்தால் போதும் என்ற நிலை அங்கே இல்லை. 535 பேரின் வாசலிலும் போய் நிற்க வேண்டும். அழுத்தக் குழுக்கள் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்த அமைப்பே முதல் காரணம்.

கட்சிகள்: யார் உள்ளே வரலாம்?

அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டைத் தவிர மற்றவை பெயரளவுக்குத்தான் இருக்கின்றன. ஒரு தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவர் ஒருவரே வெற்றி பெறும் முறையில் மூன்றாவது கட்சிக்குப் போடும் வாக்கு வீண் என்று மக்கள் நினைப்பது இயல்பு. அதிபர் தேர்தலிலும் மாநில வாரியாக ஒதுக்கப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகளில் 270 கிடைத்தால்தான் வெற்றி. 2000-இல் புளோரிடா மாநிலத்தில் வெறும் 537 வாக்கு வித்தியாசம் முழு நாட்டின் அதிபரைத் தீர்மானித்தது. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார்.

அடுத்தது தொகுதி எல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதிகளை மாற்றி வரைகிறார்கள். பல மாநிலங்களில் அதை வரைவது மாநில சட்டமன்றம், அதாவது அங்கே பெரும்பான்மையாக உள்ள கட்சி. எதிர்க்கட்சி வாக்காளர்களைச் சில தொகுதிகளில் மொத்தமாக அடைத்துவிட்டு, மற்றவர்களைப் பல தொகுதிகளில் சிதறடித்துவிட்டால் வேலை முடிந்தது. 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் வடிவில் வளைந்து நெளிந்து இருந்ததால், இந்தத் தந்திரத்துக்கே 'ஜெர்ரிமாண்டர்' என்று பெயர் வந்துவிட்டது. கட்சி லாபத்துக்காக இப்படி வரைவதைத் தடுக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு வழியில்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது.

இதன் விளைவாகவும், ஒரே மனப்போக்குள்ளவர்கள் ஒரே பகுதியில் குடியிருப்பதாலும், பெரும்பாலான தொகுதிகளில் எந்தக் கட்சி வெல்லும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எனவே உண்மையான போட்டி, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில்தான். 'பிரைமரி' என்று சொல்லப்படும் அந்தத் தேர்தலில் வாக்களிக்க வருபவர்கள் குறைவு. வருபவர்களில் பெரும்பாலோர் தீவிரக் கட்சிப் பற்றுள்ளவர்கள். 2014-இல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்டர், தன்னைவிட மிகக் குறைவாகச் செலவழித்த ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம் முதல்நிலைத் தேர்தலில் தோற்றார். பழமைவாத வானொலிப் பேச்சாளர்களின் ஆதரவு அந்தப் பேராசிரியருக்கு இருந்தது. அன்றிலிருந்து பதவியில் இருப்பவர்களுக்கு எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சிக்குள்ளிருந்து வரும் போட்டியாளர்மீதுதான் அதிக பயம். குறைந்த வாக்குகள் பதிவாகும் இந்த இடத்தில்தான் பணமும் அழுத்தக் குழுவும் நுழைகின்றன.

அழுத்தக் குழுக்கள்: சட்டத்தின் சிறிய எழுத்து

1791-இல் வந்த முதல் சட்டத்திருத்தம் பேச்சுரிமை, எழுத்துரிமை, வழிபாட்டு உரிமை ஆகியவற்றோடு இன்னொரு உரிமையையும் தருகிறது. அரசிடம் முறையிடும் உரிமை. இன்றைய லாபிக்கு அதுவே அடிப்படை. விவசாயிகள், மருத்துவர்கள், ஆசிரியர் சங்கங்கள், ஓய்வூதியர்கள், எண்ணெய் நிறுவனங்கள், ஆயுத உற்பத்தியாளர்கள், மனித உரிமை அமைப்புகள் என எல்லோருக்கும் வாஷிங்டனில் ஆள் உண்டு. 1995-இல் வந்த சட்டப்படி லாபி செய்பவர்கள் பதிவு செய்துகொண்டு கணக்குக் காட்ட வேண்டும். அண்மை ஆண்டுகளில் அந்தக் கணக்கே ஆண்டுக்கு 400 கோடி டாலரைத் தாண்டுகிறது.

லாபி என்றாலே லஞ்சப் பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். லாபிக்காரர் கொண்டுவருவது பெரும்பாலும் தகவல். ஒரு மசோதா ஆயிரம் பக்கம் இருக்கும். உறுப்பினரிடம் இருக்கும் ஊழியர்கள் சிலரே. மருந்து விலை, வங்கி விதி, விமான எரிபொருள் வரி என எல்லாவற்றையும் அவர்கள் ஆராய முடியாது. அந்த நேரத்தில் புள்ளிவிவரம், திருத்தத்துக்கான வாசகம் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார். அவர் தருவது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தனக்குச் சாதகமான உண்மைகளை மட்டும் தந்தாலே போதும்.

நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடாதவர்கள் அபூர்வம் என்பதால் ஓர் எடுத்துக்காட்டு எளிதில் புரியும். 2003-இல் அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவையும் சேர்த்து ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் உள்ளே ஒரு பிரிவு, மருந்து நிறுவனங்களிடம் அரசு விலை பேசக்கூடாது என்று தடுத்தது. கோடிக்கணக்கான பேருக்கு மருந்து வாங்குபவர் பேரம் பேசக்கூடாதாம்! பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வாக்கெடுப்பைப் பிரதிநிதிகள் சபையில் விடியற்காலை வரை ஏறக்குறைய மூன்று மணி நேரம் இழுத்து, எண்ணிக்கை சேர்ந்த பிறகே முடித்தார்கள். அந்தச் சட்டத்தை உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகித்த குழுத் தலைவர் பில்லி டோசின், 2005-இல் மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவரானார். எல்லாம் சட்டப்படிதான். அந்தத் தடையின் ஒரு பகுதியை நீக்க 2022 வரை, சுமார் இருபது ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுச் சட்டம்தான் மெடிகேரில் உள்ள முதியோருக்கு இன்சுலின் செலவு மாதம் 35 டாலரைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது.

புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதைவிடத் தடுப்பது எளிது என்பதற்குத் துப்பாக்கிச் சட்டம் சாட்சி. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை இன்னும் விரிவாகச் சோதிக்க வேண்டும் என்பதைக் கருத்துக்கணிப்புகளில் பத்தில் ஒன்பது பேர் ஆதரித்தார்கள். 2013 ஏப்ரலில் அதற்கான திருத்தம் செனட்டுக்கு வந்தபோது 54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு. ஆனாலும் தோற்றது. விவாதத்தை முடித்து வைக்க 60 வாக்கு வேண்டும் என்ற செனட் வழக்கமே காரணம். தேசிய துப்பாக்கிச் சங்கம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் பள்ளிக்கூடம் போல மதிப்பெண் போடுகிறது. அதன் உறுப்பினர்கள் அதைப் பார்த்து வாக்களிக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேரின் விருப்பம் பரவிக் கிடந்தது. பத்தில் ஒருவரின் விருப்பம் ஒழுங்குபட்டு நின்றது. வென்றது ஒழுங்குபட்டு நின்றதுதான்.

பணத்தின் கதவு

வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கும் நன்கொடைக்கு அமெரிக்காவில் உச்சவரம்பு உண்டு. ஆனால் 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ஒரு தீர்ப்பு வழங்கியது. வேட்பாளரோடு கூட்டுச் சேராமல் தனியாகச் செய்யும் பிரசாரத்துக்கு நிறுவனங்களும் சங்கங்களும் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்றது. அதையொட்டி வந்த இன்னொரு தீர்ப்போடு 'சூப்பர் பேக்' என்ற நிதி அமைப்புகள் பிறந்தன.

ஏய்பேக் என்ற இஸ்ரேல் ஆதரவு அமைப்பு 1950-களில் தொடங்கியது. நெடுங்காலம் அது வேட்பாளர்களுக்கு நேரடியாகப் பணம் தராமல் லாபி மட்டுமே செய்துவந்தது. அண்மையில்தான் சொந்தமாக ஒரு சூப்பர் பேக் அமைத்தது. 2024 ஜூனில் நியூயார்க்கில் நடந்த ஜனநாயகக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில், காஸாவில் போர் நிறுத்தம் கேட்ட ஜமால் போமனைத் தோற்கடிக்க அந்த சூப்பர் பேக் 1.4 கோடி டாலருக்கும் மேல் செலவழித்தது. பிரதிநிதிகள் சபைக்கான முதல்நிலைத் தேர்தல்களிலேயே அதுவரை மிக அதிகச் செலவு கண்டது அந்தத் தேர்தல்தான். ஆகஸ்டில் மிசூரியில் கோரி புஷ் தோற்றதும் இதே வழியில். கவனிக்க வேண்டியது, அந்த விளம்பரங்களில் பெரும்பாலும் இஸ்ரேலைப் பற்றியோ காஸாவைப் பற்றியோ பேச்சே இல்லை. சாலை, பாலம் அமைக்கும் பைடனின் மசோதாவுக்கு எதிராக இவர் வாக்களித்தார் என்பது போன்ற புகார்களே இருந்தன. வாக்காளர் எதைக் கேட்டால் முகம் சுளிப்பாரோ அதைச் சொல்வதுதான் உத்தி.

இதே உத்தியை அதே ஆண்டு கிரிப்டோ நாணய நிறுவனங்களின் சூப்பர் பேக்கும் கையாண்டது. கலிபோர்னியாவில் கேட்டி போர்ட்டர் என்ற வேட்பாளருக்கு எதிராகச் சுமார் ஒரு கோடி டாலர் செலவழித்தது. அந்த விளம்பரங்களிலும் கிரிப்டோ என்ற பேச்சே இல்லை. எனவே இது ஒரு மதத்தாரின் தனி வித்தை என்று நினைப்பது அறியாமை. இஸ்ரேலுக்கு அமெரிக்காவில் கிடைக்கும் ஆதரவிலும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் பங்கு மிகப் பெரியது. ஜான் ஹேகி என்ற போதகர் 2006-இல் இதற்கென்றே தனி அமைப்பு தொடங்கினார். மறுபுறம், 2023 அக்டோபரில் போர் நிறுத்தம் கோரி அமெரிக்க நாடாளுமன்ற வளாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் கைதானவர்கள் யூத அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். வளைகுடா அரசுகளும் வாஷிங்டனில் லாபி நிறுவனங்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன; வெளிநாட்டு முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தக் கணக்கும் பொதுவில் கிடைக்கிறது.

ஊடகம்: எதைப் பற்றிப் பேசுவது?

பத்திரிகையும் தொலைக்காட்சியும் மக்களை இப்படித்தான் நினைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எதைப் பற்றி நினைப்பது என்பதைப் பெருமளவு அவை தீர்மானிக்கின்றன. நல்ல விதத்தில் அது நடந்ததும் உண்டு. வியட்நாம் போர் பற்றி அரசு மறைத்த பென்டகன் ஆவணங்களை 1971-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அரசு தடுக்கப் பார்த்தும் உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் நின்றது. வாட்டர்கேட் ஊழலில் 1974 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் நிக்சன் பதவி விலகியதில் வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர்களின் உழைப்பு பெரியது.

1949 முதல், வானொலியும் தொலைக்காட்சியும் சர்ச்சைக்குரிய பொது விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற விதி இருந்தது. 1987-இல் அது நீக்கப்பட்டது. ஒரு பக்கக் கருத்தை நாள் முழுவதும் பேசும் வானொலி நிகழ்ச்சிகள் பெருகின. கேபிள் வழியே வரும் அலைவரிசைகளுக்கு அந்த விதி எப்போதுமே பொருந்தியதில்லை. 1996-இல் ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. பார்வையாளரைக் கோபத்திலேயே வைத்திருந்தால் அலைவரிசையை மாற்ற மாட்டார் என்பது ஒரு வியாபாரமாகவே ஆனது. 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யை ஒளிபரப்பியதற்காக, இயந்திர நிறுவனமான டொமினியன் தொடர்ந்த வழக்கில் 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் தந்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. பொய் என்று அறிந்தும் சொல்லாவிட்டால் பார்வையாளர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்களே என்ற அச்சம் அங்கே இருந்தது வழக்கில் வெளிவந்த உள் செய்திகளில் தெரிந்தது.

ஊடகமும் கட்சியும் சேர்ந்து தவறும்போது விலை கொடுப்பவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். 2002 அக்டோபரில், இடைத்தேர்தல்களுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், ஈராக் மீது படையெடுக்க அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் செனட்டில் 77-க்கு 23 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சி செனட்டர்களிலும் பாதிக்கு மேல் ஆதரித்தார்கள். பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அரசு சொன்னதைப் பெரிய பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. நைட் ரிடர் நிறுவனத்தின் செய்தியாளர்கள் ஜோனதன் லாண்டேயும் வாரன் ஸ்ட்ரோபெலும் சந்தேகம் எழுப்பி எழுதியவை பெரிதாக எடுபடவில்லை. போரை எதிர்த்துப் பேசிய ஃபில் டோனஹ்யூவின் தொலைக்காட்சி நிகழ்ச்சி 2003 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. தன் செய்திகளில் போதிய கடுமையான சோதனை இல்லை என்று 2004 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் ஒப்புக்கொண்டது. அதற்குள் பாக்தாதில் எத்தனையோ வீடுகளில் ஜனாஸா எடுத்தாகிவிட்டது.

வெல்ல முடியாதவையா?

இவ்வளவையும் கேட்ட பிறகு, சாதாரண மக்களுக்கு அங்கே இடமே இல்லையா என்ற கேள்வி எழும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1981-இல் சவூதி அரேபியாவுக்கு கண்காணிப்பு விமானங்கள் விற்பதை ஏய்பேக் முழு மூச்சாக எதிர்த்தது. செனட்டில் 52-க்கு 48 என்று தோற்றது. 2015-இல் ஈரானோடு செய்த அணு ஒப்பந்தத்தைத் தடுக்கவும் பெரும் பணம் செலவழித்து முயன்றது, அதிலும் தோற்றது. 2016-இல் செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பத்தார் சவூதி அரசு மீது வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டத்தை சவூதியின் லாபி நிறுவனங்களாலும் தடுக்க முடியவில்லை. அதிபர் ஒபாமாவின் மறுப்பாணையையே செனட் 97-க்கு 1 என்று தள்ளுபடி செய்தது. அதிபரும் மக்களின் உணர்ச்சியும் ஒரு பக்கம் உறுதியாக நிற்கும்போதோ, எதிரில் இன்னோர் ஒழுங்கான அணி இருக்கும்போதோ எந்த லாபியும் தோற்கலாம்.

முஸ்லிம்களை நேரடியாகத் தொட்ட நிகழ்வு ஒன்று. 2017 ஜனவரி 27 அன்று, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளைச் சேர்ந்தவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைய டிரம்ப் தடை விதித்தார். மறுநாளே விமான நிலையங்களில் மக்கள் திரண்டார்கள். வழக்கறிஞர்கள் மடிக்கணினியோடு விமான நிலையத் தரையில் உட்கார்ந்து மனு எழுதினார்கள். 1920-இல் தொடங்கிய அமெரிக்கக் குடியுரிமை ஒன்றியம் போட்ட வழக்கில், திருப்பி அனுப்பப்படவிருந்தவர்களை அனுப்பக்கூடாது என்று அன்றிரவே நீதிமன்றம் தடை விதித்தது. அந்த ஒன்றியமும் ஓர் அழுத்தக் குழுதான். தொடர் வழக்குகளால் அரசு ஆணையை இரண்டு முறை திருத்தி எழுத வேண்டியதாயிற்று. மூன்றாவது வடிவத்தை 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ஏற்றுக்கொண்டது. 2021 ஜனவரி 20 அன்று பைடன் பதவியேற்ற நாளிலேயே ரத்து செய்தார். முழு வெற்றியும் இல்லை, முழுத் தோல்வியும் இல்லை. அமெரிக்க அரசியலில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன.

அங்குள்ள முஸ்லிம்களும் இந்த வழிகளைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். 2006-இல் மினசோட்டாவில் கீத் எலிசன் முதல் முஸ்லிம் உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 2018-இல் இல்ஹான் உமரும் ரஷீதா தலீபும் முதல் முஸ்லிம் பெண் உறுப்பினர்களாகத் தேர்வானார்கள். 2024 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி முதல்நிலைத் தேர்தலில், பைடனின் காஸா கொள்கையைக் கண்டித்து 'யாருக்கும் உறுதியில்லை' என்ற கட்டத்தில் வாக்களிக்குமாறு டியர்பார்ன் போன்ற ஊர்களின் அரபு, முஸ்லிம் குடும்பங்களும் இளைஞர்களும் பிரசாரம் செய்தார்கள். எதிர்பார்த்தது பத்தாயிரம் வாக்கு. விழுந்தது ஒரு லட்சத்துக்கும் மேல். ஆயினும் இஸ்ரேலுக்கு ஆயுதம் போவது நிற்கவில்லை. 2016-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி பத்தாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவி என்பது ஒரே தேர்தலில் கலையும் ஏற்பாடு அல்ல. அதே நேரம், 2025-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் தமக்கு எதிராகக் கோடிக்கணக்கான டாலர் கொட்டப்பட்டும் ஸொஹ்ரான் மம்தானி வெற்றி பெற்றார். வீடு வீடாகக் கதவைத் தட்டிய தன்னார்வலர்களே அவருடைய பலம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

அமெரிக்காவின் முடிவுகள் காஸாவில் குழந்தையின் உயிரையும், வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளின் பிழைப்பையும் தொடுகின்றன. எனவே அந்த நாட்டுச் செய்தி வரும்போது நாம் மூன்று கேள்விகளைப் பழகிக்கொள்ளலாம். இந்தச் செய்தியை நம்மிடம் கொண்டுவந்தவர் யார், அவருக்கு ஆதாரம் தந்தவர் யார்? இந்த முடிவை எடுத்தவர் அடுத்த முதல்நிலைத் தேர்தலில் யாருக்குப் பயப்படுகிறார்? இதனால் லாபம் அடையும் சங்கம் அல்லது நிறுவனம் எது, அது எவ்வளவு செலவழித்தது? கடைசிக் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி அரசுப் பதிவேடுகளிலேயே இருக்கிறது.

மறைவான கை ஒன்று எல்லாவற்றையும் ஆட்டுகிறது என்று நம்பினால் நம்மால் செய்யக்கூடியது எதுவும் மிஞ்சாது. பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வாட்ஸ்அப் செய்தியைத் திறக்கலாம். அதோடு, குற்றமற்ற ஒரு சமூகத்தின் மேல் முழுப் பழியையும் போட்ட பாவமும் சேரும். நம்மைப் பற்றி அப்படிப் பழி பேசப்படும்போது அது எவ்வளவு வலிக்கிறது என்பதை நாம் அறிவோம்.

நயீராவின் கதைக்குத் திரும்புவோம். அன்று அந்த அவையில் இருந்தவர்களில் ஒருவராவது "இந்தச் சிறுமியின் தகப்பனார் யார்?" என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் பதினைந்து மாதம் கழித்து வந்த உண்மை அன்றைக்கே வந்திருக்கும். செய்தி கொண்டுவருபவரைத் தீர விசாரிப்பது நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. அதை நம் வீட்டில், நம் கைப்பேசியில் இன்று வந்த செய்தியிலிருந்தே தொடங்கலாம்.